கல்யாணச் சாப்பாடு மிஞ்சினால்: எவ்வளவு சமைப்பது, யாருக்குக் கொடுப்பது, இலையை என்ன செய்வது?

காவிரிக்கரை (கேள்வி)

வணக்கம். தை மாதம் ஈரோட்டில் கல்யாணம், நாங்கள் பெண் வீடு. முதல் நாள் மாலை வரவேற்புக்கு டிபன், மறுநாள் முகூர்த்தச் சாப்பாடு. இரண்டுமே சைவம். முகூர்த்தத்துக்கு 600 இலை என்று வைத்திருக்கிறோம். 450-லும் நிற்கலாம், 750-க்கும் போகலாம். சமையல்காரர் "எதுக்கும் 800-க்குப் போட்டுடலாம்" என்கிறார். மளிகை நாங்களே வாங்கிக் கொடுப்பதாகப் பேச்சு.

கேட்க வேண்டியவை மூன்று. ஆள் கணக்கு நிச்சயமில்லாதபோது அளவை எப்படி முடிவு செய்வது? மிஞ்சினால் ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், அது சரியாக நடக்க என்ன ஏற்பாடு வேண்டும்? எச்சில் இலையும் மிச்சமும் குப்பை லாரிக்குத்தான் போக வேண்டுமா?

---

அண்டா மாஸ்டர்

வணக்கமுங்க. 800-க்குப் போடச் சொல்றதைப் பேராசைன்னு எடுத்துக்காதீங்க. கடைசிப் பந்தியில சாதம் பத்தலைன்னா ஊரே சமையல்காரரைத்தான் பேசும். நாலு அண்டா மிஞ்சுனா அவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கறதில்லை. அதனால கூடப் போடறதுதான் அவருக்குப் பாதுகாப்பு. நீங்க மொதல்ல அந்தப் பயத்தை எடுத்துடணும்: "பத்தலைன்னா பொறுப்பு எங்களுது"ன்னு வீட்டுப் பெரியவர் ஒருத்தர் முன்னாடியே சொல்லிடணும்.

அடுத்தது, 800-க்குச் சாமான் வாங்குங்க, 400-க்குச் சமைக்க ஆரம்பிங்க. அரிசி, பருப்பு, எண்ணெய் பிரிக்காம இருந்தா கடைக்காரர் திருப்பி எடுத்துக்குவார். வாங்கும்போதே இதைப் பேசிக்குங்க. வெந்த சாதத்தை யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்க.

முழுச் சாப்பாட்டுக்கு 100 இலைக்கு 10 கிலோ அரிசி. கலந்த சாதம், பூரி ஏதாவது கூட இருந்தா 8 கிலோவே போதும். சாம்பாருக்குத் துவரம்பருப்பு 100-க்கு 2.5 கிலோவுல இருந்து 3 கிலோ. பொரியலுக்கு நறுக்குன காய் 6 கிலோ. மோருக்குக் கணக்கே வேண்டாம், மிஞ்சுனா யாராவது குடிச்சிருவாங்க.

ஒரு பந்தி உக்காந்து எழ அரை மணி நேரம் ஆகும். உலை தயாரா கொதிச்சுட்டு இருந்தா பச்சரிசி 20 நிமிசத்துல வடிச்சிரலாம், புழுங்கல்னா அரை மணிக்குக் கொஞ்சம் கூட. அப்படின்னா இந்தப் பந்தி உக்காந்ததும் வெளிய நிக்கறவங்களை எண்ணி அடுத்த பந்திக்கு அரிசி போடலாம். உலைத்தண்ணி மட்டும் எப்பவும் கொதிச்சுட்டே இருக்கணும். எண்ணறதுக்குன்னு வாசல்ல ஒருத்தரை நிறுத்துங்க. கல்யாண வேலை வேற எதையும் அவர்கிட்டக் குடுக்காதீங்க.

சாம்பாருக்கு இன்னொரு வழி. ரெண்டாவது அண்டாவுக்கான பருப்பை வேகவெச்சு, அடுப்புல சூடாவே தனியா வெச்சுக்குங்க. புளியும் காயும் போடாத வரைக்கும் அது ரசத்துக்குத் திரும்பிரும். போட்டுட்டா சாம்பார்தான்.

வரவேற்புல பொங்கல், கிச்சடி, சாம்பார் சாதம் மாதிரி அண்டாவுல கிண்டறதைக் குறைச்சு இட்லி, இடியாப்பம், ஊத்தப்பம்னு வெச்சீங்கன்னா மிச்சமே மாவாத்தான் இருக்கும். மாவு மறுநாளைக்கு ஆகும்.

இலையில வீணாகறதுக்குக் காரணம் ஆள் உக்காரதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வெச்சு முடிக்கறதுதான். வேண்டாம்னு சொல்ல அங்க ஆளே இல்லையே! உப்பு, ஊறுகாய், இனிப்போட நிறுத்திட்டு, மத்ததை முகத்தைப் பாத்துக் கேட்டு வைக்கச் சொல்லுங்க. சாதத்தை ரெண்டு தடவையாக் கொஞ்சம் கொஞ்சமாப் போடட்டும். ரெண்டாவது இனிப்பு வைக்காதீங்க, அதுதான் அப்படியே திரும்பி வரும்.

---

மீதம் பகிர்வோம்

மாஸ்டர் சொன்னபடி செய்தாலும் கடைசிப் பந்தியில் கொஞ்சம் நிற்கத்தான் செய்யும். நிற்காவிட்டால் யாரோ பசியோடு போனார்கள் என்று பொருள். அந்த மிச்சத்துக்கான ஏற்பாட்டைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

பலரும் சறுக்குவது இங்கேதான்: மதியம் 2 மணிக்கு அண்டாவைப் பார்த்துவிட்டு ஆசிரமத்துக்குப் போன் போடுவார்கள். அங்கே காலை 11-க்கே உலை வைத்திருப்பார்கள். உங்கள் சாப்பாட்டை வாங்கினால் அவர்கள் சமைத்தது வீண். பெரிய முகூர்த்த நாளில் ஒரே இல்லத்துக்கு நாலு மண்டபத்துச் சாம்பார் வந்து சேரும், அடுத்த நாள் ஒன்றும் வராது. அதனால் முன்கூட்டியே பேசி, "அன்று மதியம் இத்தனை பேருக்கு எங்கள் பொறுப்பு" என்று ஒரு எண்ணைச் சொல்லி, அதையும் உங்கள் சமையல் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். 60 பேர் உள்ள இல்லம் என்றால் 60 இலை. முதல் பந்திக்கு வடித்த சாதத்திலிருந்தே எடுத்து 12 மணிக்கு அனுப்பிவிடலாம். அவர்களுக்குச் சூடாகப் போகும், உங்களுக்கும் கடைசி நேர ஓட்டம் இல்லை. முதியோர் இல்லம் என்றால் காரம் பற்றியும், சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். ஜிலேபிப் பெட்டியை மட்டும் இறக்கிவிட்டு வருவது உதவி ஆகாது.

உண்மையான கடைசி மிச்சத்துக்கு வேறு ஆட்கள் வேண்டும். கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட், அதே ஆண்டு டெல்லியில் தொடங்கிய ராபின் ஹுட் ஆர்மி போன்ற தன்னார்வக் குழுக்கள் மிஞ்சிய உணவைத் திரட்டிக் கொடுப்பதையே வேலையாகச் செய்கின்றன. உங்கள் ஊரில் அன்றைக்கு ஆள் வருமா, கடைசியாக எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று முன்பே உறுதி செய்யுங்கள். யாரும் இல்லையென்றால் நீங்களே ஒரு சின்ன வண்டி, ஓட்டுநர், கூட ஒருவர் என்று ஒதுக்குங்கள். போகுமிடங்களில் கட்டடத் தொழிலாளர் குடியிருப்பு, அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள், மாநகராட்சி இரவுக் காப்பகம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இடங்களைத் தெரிவு செய்யுங்கள். முதல் இடம் கைவிட்டால் சாப்பாட்டை வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றக் கூடாது.

சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் வைத்த 'ஐயமிட்டு உண்' மாதிரியான பொதுக் குளிர்பெட்டிகள் வீட்டுப் பொட்டலங்களுக்குத்தான் சரிவரும். அண்டாச் சாதத்தைக் கொண்டுபோய் அதில் திணிக்காதீர்கள்.

சாப்பாட்டை அனுப்ப மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு, அல்லது சூடு தாங்கும் பெட்டி. பாலித்தீன் பையில் சூடான சாதம் வேண்டாம். பரிமாறக் கரண்டியும் இலையும் சேர்த்து அனுப்புங்கள். வாங்குகிற இடத்தில் தட்டு இருக்காது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பந்திக்குப் போன வாளியில் மிஞ்சியதையும் சேர்க்கலாம், இலையில் விழாதவரை அது சுத்தம்தான்.

---

உணவு நுண்மி

கடைசி வரியோடு உடன்பாடில்லை. பந்தியில் அரை மணி திறந்தபடி சுற்றி, கரண்டி பல கை மாறி வந்த வாளி அது. அதைத் தொடாத அண்டாவோடு கலந்தால் அண்டாவும் கெடும். வாளி மிச்சத்தை மண்டபத்து ஆட்கள் அப்போதே சாப்பிடட்டும். வெளியே போவது சமையல்கட்டை விட்டு நகராத பாத்திரத்திலிருந்து மட்டும்.

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட சூட்டில்தான் நுண்மி (கிருமி) பெருகும். நம் ஊர் வெயிலில் அடுப்பை விட்டு இறக்கி 2 மணி நேரத்துக்குள் வாயில் போயாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறும் நேரம் கணக்கில்லை, சாப்பிடும் நேரமே கணக்கு. குறைந்த விலையில் கிடைக்கும் குச்சி வெப்பமானியை அண்டாவின் நடுவில் குத்திப் பார்த்தால் சண்டையே இல்லை.

சாதம்தான் பலரும் நம்பி ஏமாறும் பொருள். பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்மியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், கொதியிலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சு சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "ஒரு கொதி விட்டுக் கொடுத்துடலாம்" என்பது சாம்பாருக்கு ஓரளவு பொருந்தும், நேரம் கடந்த சாதத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. பெரிய அண்டாவில் மேலே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்கில் இளஞ்சூடு இருக்கும், அதுதான் மோசம்.

கொடுக்கவே கூடாதவை: தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு, அவியல், தயிர்ப்பச்சடி, பால் பாயசம், பனீர் கிரேவி, நறுக்கிய பழம். நேரத்துக்குள் போனால் சரி: சாதம், சாம்பார், ரசம், பொரியல். கொஞ்சம் தாங்குபவை: சப்பாத்தி, வடை, புளியோதரை. புளிப்பும் எண்ணெயும் புளியோதரையைக் காக்கும், ஆனாலும் அன்றைக்கே தீர வேண்டும். லட்டு, மைசூர்பாகு, முறுக்கு நாள்கணக்கில் நிற்கும், அவசரமே இல்லை.

ஒவ்வொரு தூக்கிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: உணவின் பெயர், சைவம், கொடுத்தவர், இறக்கிய நேரம், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும். மிகை உணவைத் திரட்டிப் பகிர்வதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2019-ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது, அதுவும் இது போன்ற விவரச் சீட்டைத்தான் கேட்கிறது. முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நஞ்சுக்கு வாசனை கிடையாது.

---

காவிரிக்கரை

மூவருக்கும் நன்றி. வரவேற்பு முடிய இரவு 10 ஆகிவிடும். மண்டபத்தில் பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கிறது. இரவு மிச்சத்தை அதில் வைத்துக் காலையில் கொடுக்கலாமா?

---

உணவு நுண்மி

அண்டாவோடு வைக்க முடியாது. நடுப்பகுதி குளிர விடிந்துவிடும், அதற்குள் ஃப்ரிட்ஜில் இருக்கும் பாலையும் சேர்த்துச் சூடேற்றும். 2 அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பரப்பி, காற்றாடியில் ஆவி போனதும் உள்ளே வைத்தால் குளிரும். ஆனால் அதற்குத் தட்டும் இடமும் ஆளும் அந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறது? 8.30-க்கே எண்ணிப் பார்த்து அடுப்பை நிறுத்தி, தொடாத பாத்திரத்தை 9-க்குள் அனுப்புவது எளிது. 10-க்கு மேல் நிற்பதை மறுநாளைக்கு என்று ஆசைப்படாமல் எருக்குழிக்கு விடுங்கள்.

---

எருக்குழி

இலைக்கு வருகிறேன். முதலில் பிரிப்பது. பந்தி எடுக்கும் இடத்தில் மூன்று டிரம்: இலையும் மிச்சமும் ஒன்றில், பாட்டில், கப் ஒன்றில், சாம்பார், ரசம், பாயசம் என்று ஓடுகிற திரவம் மூன்றாவதில். டிரம் பக்கத்தில் ஆள் நிற்காவிட்டால் 10 நிமிடத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும். 300 மில்லி தண்ணீர் பாட்டிலை மொத்தமாக விட்டுவிட்டு 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வைத்தால் இரண்டாவது டிரம்மே பாதி காலி. மெழுகுக் காகிதம் போல இருக்கும் கப்பில் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, அது மட்காது. மேசை விரிப்புப் பிளாஸ்டிக், பூச்சுள்ள கப் இரண்டுமே தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் உள்ளவை. விரிப்புக்குச் சாதாரணத் தாள் போதும், அதுவும் இலையோடு மட்கிவிடும்.

மண்டபத்தில் குழி இல்லையென்றால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசுங்கள், ஈரோட்டைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. வாழை இலையை முழுசாகப் போட்டால் ஒன்றின்மேல் ஒன்று பாய் மாதிரி ஒட்டிக் காற்றை அடைக்கும். அரிவாளால் 3 அங்குலத் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். இலையும் சோறும் சேர்ந்து ஒரு கூடை என்றால் இரண்டு கூடை காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார்த்தூள், அதன்மேல் கரைத்த சாணி. குவியல் நீள, அகல, உயரம் மூன்றும் சுமார் ஒரு மீட்டர் இருந்தால் உள்ளே 55 டிகிரி தாண்டிச் சூடேறும். அதைவிடச் சின்னதாக இருந்தால் சூடு நிற்காது, ஈ மொய்க்கும். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மாதத்தில் எரு.

அமோனியா நெடி வந்தால் சருகு குறைவு. புளித்த வாடை வந்தால் ஈரம் அதிகம். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. எண்ணெய் மிதக்கும் குழம்பை ஊற்றவே ஊற்றாதீர்கள், அதற்குத்தான் மூன்றாவது டிரம்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் செய்யும் வரவேற்பு என்றால் இன்னொன்று: அனுமதி பெற்ற மண்டபம் அல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால் 3 வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே போட்டிருந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் பிரித்த குப்பையை எடுக்க வண்டி கேட்கவும் வசதி.

---

காவிரிக்கரை

மிஞ்சின சாதத்தை மாட்டுக்கு ஊற்றிவிடலாம் என்று மாமா சொல்கிறார். செய்யலாமா?

---

எருக்குழி

வெறும் இலையையும் காய்த் தோலையும் கொடுக்கலாம், பல்குத்தும் குச்சியும் பிளாஸ்டிக்கும் இல்லாமல் பார்த்து. சாதம், பாயசம், இனிப்பு வாளி வாளியாக வேண்டாம். மாவுச்சத்து ஒரேயடியாகப் போனால் மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் ஏறி, அசைபோடுவது நின்று, வயிறு உப்பி ஒரே நாளில் படுத்துவிடும். பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் அதிகம் பார்ப்பதும் இதைத்தான். உங்கள் கல்யாணமும் தையில்தான் வருகிறது. பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரு கை சோறு, அவ்வளவோடு நிறுத்தச் சொல்லுங்கள் மாமாவிடம்.