மிகுபுனைவு நாவலுக்கு உலகம் தயார், கதைதான் பிடிபடவில்லை

மூன்றுநிலா (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரு மிகுபுனைவு நாவலுக்குக் குறிப்பெடுத்து வருகிறேன். நிலவரைபடம் வரைந்துவிட்டேன், பதினான்கு தலைமுறை அரசர்களின் பட்டியல் இருக்கிறது, வானத்தில் மூன்று நிலவுகளை வைத்திருக்கிறேன். நாட்டின் நடுவே ஒரு பேரேரி உண்டு. அதிலிருந்து புறப்படும் ஆறு இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை கிழக்குக் கடலிலும் மறுகிளை மேற்குக் கடலிலும் கலக்கிறது. மந்திரத்தால் மழையை வரவழைக்கத் தெரிந்த கூட்டத்தாருக்கு நீரழைப்போர் என்று பெயர்.

குறிப்பேடு நாற்பது பக்கத்தைத் தாண்டிவிட்டது. கதை என்று காட்ட ஒரு பக்கம்கூட இல்லை. பஞ்சம் வந்தால் நீரழைப்போர் மழையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பகைவர் வந்தால் வெள்ளத்தை ஏவிவிடுகிறார்கள். அதற்குமேல் என்ன நடக்கும் என்பது எனக்கே தெரியவில்லை. உலகத்தை இன்னும் விரிவாக அமைத்தால் கதை தானாகப் பிறக்குமா, அல்லது நான் தொடங்கிய இடமே தவறா?

ஏரிக்கரை:

விரிக்க வேண்டாம், சுருக்குங்கள் என்பேன். பேரேரியை விட்டுவிட்டு அதன் ஒரே ஒரு மதகடியில் போய் நில்லுங்கள்.

நான் ஏரிப்பாசன ஊரில் வளர்ந்தவன். ஏரி நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கலிங்கு வழிந்த ஆண்டுகளில் எங்கள் ஊரில் சொல்லத்தக்க கதை எதுவும் நடந்ததாக நினைவில்லை. தண்ணீர் பாதியோடு நின்றுவிட்ட ஆண்டுகளில்தான் வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் உள்ள தலைமடைக்காரருக்கும் அதன் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரருக்கும் பேச்சு அறுந்தது, பேசி முடித்த திருமணம் நின்றது, இரவில் மடையைத் திறந்தது யார் என்று பஞ்சாயத்து கூடியது. மடையைத் திறந்து மூடுகிற பொறுப்பு நீர்க்கட்டியினுடையது. அவருக்குக் கூலியை அறுவடையின்போது களத்தில் நெல்லாக அளப்பார்கள். பல ஊர்களில் அந்த வேலை ஒடுக்கப்பட்ட சாதியினரின் தலையில் இருந்தது. ஊர் முழுவதற்கும் தண்ணீரைப் பங்கிட்டவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் நீரழைப்போரையும் அப்படி நிறுத்திப் பாருங்கள்: மந்திரம் அவர்களிடம், வயல் மற்றவர்களிடம்.

அடுத்து, அவர்கள் அழைக்கும் மழை எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் சொல்லவில்லை. இல்லாத நீரை உண்டாக்குகிறார்கள் என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். வேறோர் ஊரில் பெய்ய வேண்டியதை இங்கே இழுக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு மழைக்கும் ஒரு வழக்கு இருக்கும்.

அரசர் பட்டியலைவிட உங்களுக்கு உதவக்கூடியது உத்திரமேரூர்க் கல்வெட்டு. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்குள்ள சபை எடுத்த முடிவுகள் கல்லில் இருக்கின்றன. ஊரைக் குடும்பு எனப்படும் முப்பது பகுதிகளாகப் பிரித்து, தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். இதைத்தான் குடவோலை என்கிறோம். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் அறுவர் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்குப் போனார்கள். தேர்வின் முறையைவிட யாரையெல்லாம் சேர்க்கக்கூடாது என்ற பகுதியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. அவரோடு நிற்காமல் அவருடைய சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என்று உறவு முறை சொல்லி வரிசையாக விலக்கியிருக்கிறார்கள். இத்தனை உறவையும் எண்ணி எழுத வேண்டிய நிலை வந்தது என்றால், ஒருவர் விலகியதும் அவருடைய அத்தை மகன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. உங்கள் உலகத்துக்கு ஒரு சட்டம் எழுதுங்கள். பிறகு அந்தச் சட்டத்தை எழுத வைத்த ஆளைத் தேடுங்கள்.

பொருநைவாசி:

மேலே சொன்னதை ஏற்கிறேன். வரைபடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஏரியிலிருந்து நீர் வெளியேறுவது பெரும்பாலும் மிகத் தாழ்ந்த ஒரே வழியாகத்தான். கடலை நெருங்கும் சமவெளியில் ஆறு கிளைகளாகப் பிரிவது இயல்பு. நாட்டின் நடுவில் பிரிந்து எதிரெதிர்க் கடல்களுக்குப் போவது மிக அரிது. அந்த இரண்டாவது கிளையை வைத்துக்கொள்ள விரும்பினால், அது மனிதர் வெட்டிய கால்வாய் என்று சொல்லிவிடுங்கள். யார் வெட்டினார்கள், எதற்கு வெட்டினார்கள், அதனால் எந்த ஊர் காய்ந்தது என்பவை உடனே வந்து நிற்கும்.

மலையை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கிழக்கே மழைமறைவுப் பகுதி காய்ந்து கிடக்கிறது. தமிழகத்தின் கிழக்குப் பகுதி வடகிழக்குப் பருவத்துக்காக அக்டோபர் வரை காத்திருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் உழவு தொடங்கும் காலமும் அந்தப் பக்கம் தொடங்கும் காலமும் ஒன்றல்ல. அங்கே இருப்பவர்களின் திருவிழாவும் கடன் தவணையும் படையெடுப்புக் காலமும் அதற்கேற்ப மாறும்.

இன்னொன்று, உங்கள் பதினான்கு தலைமுறையிலும் நிலம் அசையாமல் இருப்பதாகத் தெரிகிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. வணிகம் காயல் என்ற வேறொரு துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தது. காலப்போக்கில் அந்தத் துறைக்கும் அதே கதி நேர்ந்தது. கடல் விலகிப்போன பிறகும் தங்களைத் துறைமுகத்தார் என்றே சொல்லிக்கொள்ளும் ஓர் ஊரை உங்கள் வரைபடத்தில் வைத்தால், அந்த ஒரே புள்ளி நான்கு அரசர்களுக்குச் சமம்.

ஓலைச்சுவடி:

இருவரும் சொன்னவை சரியானவை. ஆனாலும் எனக்கு ஓர் அச்சம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துக்கொண்டே போனால் நாவல் பொதுப்பணித்துறைக் கோப்பாகிவிடும். ஏரிக்கரை நிற்கவில்லை, ஒரு பெண்ணைப் பலி கொடுத்த பிறகே நின்றது என்று எத்தனையோ ஊர்களில் கதை சொல்கிறார்கள். அவளையே கரையில் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தக் கதைகளில் மண்ணின் தன்மையைப் பற்றி ஒரு சொல் இருக்காது. விளக்கம் பெறாத ஒன்றையாவது மிகுபுனைவில் விட்டுவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

எனவே மூன்று நிலவுகளை நீக்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அவை எப்படி வந்தன என்று விளக்கவும் வேண்டாம். ஆனால் அவை இப்போது உங்கள் வானத்தில் தோரணமாகத் தொங்குகின்றன. அவற்றை மொழிக்குள் இறக்குங்கள். தமிழில் திங்கள் என்றால் நிலவும் அதுதான், மாதமும் அதுதான். மூன்று நிலவுகள் மூன்று வெவ்வேறு கால அளவில் வளர்ந்து தேயும் நாட்டில், "அடுத்த திங்கள் வட்டியைக் கொடுத்துவிடுகிறேன்" என்று ஒருவன் சொன்னால் எந்தத் திங்களைச் சொன்னான்? கடன் கொடுத்தவன் சிறிய நிலவைக் காட்டுவான், வாங்கியவன் பெரிய நிலவைக் காட்டுவான். உத்திரமேரூரில் வாரியத்தாரின் பதவிக்காலம் 360 நாள் என்று நாள்கணக்கில் வரையறுத்திருக்கிறார்கள். உங்கள் நாட்டில் அது பன்னிரண்டு திங்கள் என்று மட்டும் கல்லில் இருந்தால், பதவியை விட மனமில்லாத ஒருவருக்கு அது போதும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். நீரழைப்போர் என்பது அரண்மனைக் குறிப்பேட்டில் இருக்கக்கூடிய பெயர். கடைமடையில் நிற்கும் ஒருவர், வாய்க்காலில் நீர் வராத கோபத்தில், அவர்களை என்ன சொல்லித் திட்டுவார்?

மூன்றுநிலா:

மூவருக்கும் நன்றி. அரசர் பட்டியலில் பதின்மூவரை நீக்கிவிட்டேன், கொஞ்சம் வலித்தது. மேற்குக் கிளை இனி வெட்டப்பட்ட கால்வாய். மழை இனி இழுக்கப்படுவது, உண்டாக்கப்படுவது அன்று. விளக்கமில்லாத ஒன்று வேண்டும் என்பதை ஏற்கிறேன்; ஆனால் அதை நிலவுகளில் வைக்காமல் ஏரியின் அடியில் வைக்கப் போகிறேன்.

நேற்றிரவு முதல் காட்சியை எழுதினேன். வாரியத் தலைவரின் காலம் சிறிய நிலவின் கணக்கில் முடிந்துவிட்டது. பெரிய நிலவின் கணக்கில் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கடைமடையில் பயிர் வாடுகிறது. புதிய குடவோலைக்காகச் சபை கூடுகிறது, தலைவர் வரவில்லை. குடத்தில் கைவிடுவதற்கு ஏழு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவனுக்கு எதுவும் தெரியாது என்று எல்லாரும் நம்புகிறார்கள். அவன் நீரழைப்போர் வீட்டுப் பிள்ளை. முதல் நாள் இரவு அவனுடைய தாய் அவனிடம் எந்த ஓலையை எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஏரிக்கரை:

அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமா?

மூன்றுநிலா:

தெரியாது. ஓலையைத் தொட்டதும் ஈரமாக இருந்தால் எடு என்று சொல்லியிருக்கிறாள். குடத்துக்குள் இரண்டு ஓலைகள் ஈரமாக இருக்கின்றன.