பத்து சக்கர லாரிக்கு முன்னால் எவ்வளவு காற்று, பின்னால் எவ்வளவு?

நாமக்கல் பத்துசக்கரம்:
வணக்கம் அண்ணன்களே. போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு டாரஸ் (பத்து சக்கர லாரி) வாங்கினேன், 2019 மாடல், டயர் 10.00 ஆர் 20, டியூப் டயர்தான். அரியலூரில் சிமென்ட் ஏற்றி ஓசூரில் இறக்குகிறோம், திரும்பும்போது பெரும்பாலும் எம்ப்டி. எல்லா டயருக்கும் ஒரே மாதிரி 110 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்திருந்தோம். மே மாதம், மதியம் இரண்டு மணி இருக்கும், தொப்பூர் மேடு ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் ஹவுசிங் (எஞ்சின் இழுக்கிற பின் ஆக்சில்) இடது பக்க உள் டயர் வெடித்து மட்கார்டையும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. டிரைவரிடம் கேட்டேன். சேலம் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது பக்கத்துப் பஞ்சர் கடையில் பார்த்தாராம், 128 காட்டியதாம், ஏறிப்போச்சே என்று பயந்து எல்லாவற்றையும் 110க்கு இறக்கிவிட்டாராம். நல்ல மனுஷன், வண்டியைத் தன் வண்டி மாதிரி பார்ப்பவர், அவர்மேல் தப்பு சொல்ல மனசு வரவில்லை. பஞ்சர் கடையில் 100 போதும் என்கிறார்கள், டயர் கடையில் 120 என்கிறார்கள். எதுதான் சரி? எம்ப்டியில் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது, அப்போது குறைத்துக்கொள்ளலாமா?

சங்ககிரி லாரி:
தம்பி, வெடித்ததற்குக் காரணம் நீங்களே எழுதிவிட்டீர்கள். காலையில் 110 வைத்த டயர் லோடோடு நாலைந்து மணி நேரம் ஓடினால் 125, 128 காட்டத்தான் செய்யும், அது ஏறிப்போனது இல்லை, டயர் கம்பெனி கணக்குப் போட்டு வைத்ததே அப்படித்தான். அந்தச் சூட்டில் 110க்கு இறக்கினால் ராத்திரி ஆறின பிறகு பாருங்கள், 95தான் இருக்கும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கம் அமுங்கி அமுங்கி நிமிரும், அதில் இன்னும் சூடு ஏறும், உள்ளே இருக்கிற கம்பியை விட்டு ரப்பர் பிரிய ஆரம்பிக்கும், மேட்டில் லோடு இழுக்கும்போது போய்விடும். சூட்டில் காற்றை இறக்கவே கூடாது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், மூன்று நாலு மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் படுவதற்குள் பார்ப்பதுதான் கணக்கு.

எவ்வளவு என்று கேட்டால் யாராலும் சும்மா சொல்ல முடியாது, எடை தெரிய வேண்டும். அடுத்த லோடில் எடை மேடையில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு எடை, வண்டி முழுக்க ஏற்றி ஒரு எடை எடுங்கள். டயர் பக்கத்தில் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்பதையும் பார்த்து எழுதுங்கள். எம்ப்டிக்காகக் குறைக்க வேண்டாம். ஓசூரில் குறைத்து அரியலூரில் ஏற்றுவது நடக்கிற காரியமா, ஒரு நாள் மறந்தால் போதும்.

ட்ரெட் பட்டறை, ஈரோடு:
எங்களிடம் ரீட்ரேடுக்கு (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்ட) வருகிற டயரில் பாதியை உள்ளே பார்த்ததும் திருப்பி அனுப்புகிறோம், பெரும்பாலும் உள் டயர்தான். வெளி டயரை எல்லோரும் பார்க்கிறார்கள், உள் டயரை ராடால் தட்டிப் பார்த்து சத்தம் சரி என்று போய்விடுகிறார்கள். 80 பி.எஸ்.ஐ.யும் 110ம் தட்டினால் ஏறக்குறைய ஒரே சத்தம்தான், ஜோடியில் ஒன்று குறைந்தால் மற்றது அதன் எடையையும் சேர்த்துச் சுமக்கும். உள் டயர் வால்வுக்கு நீள எக்ஸ்டென்ஷன் போட்டு கேஜ் வைத்துப் பாருங்கள், ஜோடிக்குள் 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

இன்னொன்று, தயவுசெய்து இதைப் படியுங்கள். வைக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து ஓடின டயருக்கு அப்படியே காற்று ஏற்றாதீர்கள், கழற்றி உள்ளே பார்த்த பிறகுதான். பக்கச் சுவரில் கம்பி ஒடிந்திருந்தால் ஏற்றும்போது ஜிப் பிரிகிற மாதிரி கிழியும். படபடவென்று சின்னச் சத்தம் கேட்டாலே காற்றை நிறுத்திவிட்டு விலகிவிட வேண்டும். உங்களுடையதில் லாக் ரிங் (டயரைச் சக்கரத்தில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம்) வேறு இருக்கிறது. இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீள ஓஸ் மாட்டி, பக்கச் சுவருக்கு நேர் எதிரே நிற்காமல் பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர்) பக்கமாக நின்று ஏற்றச் சொல்லுங்கள். பஞ்சர் கடைப் பையன் மேலே குனிந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

நாமக்கல் பத்துசக்கரம்:
எடை போட்டுவிட்டேன் அண்ணா. முன்னால் 6,420 கிலோ, மொத்தம் 27,380. டயரில் 149/146 என்று இருக்கிறது. மீதி உள் டயரையும் காலையில் கேஜ் வைத்துப் பார்த்தேன், ஒன்றில் 84தான் இருந்தது, கழற்றி இறக்கி வைத்திருக்கிறேன்.

சங்ககிரி லாரி:
கழற்றினது நல்ல வேலை, அதைப் பட்டறையில் காட்டுங்கள். 149 என்றால் தனி டயர் 3,250 கிலோ, 146 என்றால் ஜோடியில் ஒரு டயர் 3,000 கிலோ. உங்கள் முன் டயர் ஒவ்வொன்றும் 3,210 சுமக்கிறது, கிட்டத்தட்ட எல்லையில் நிற்கிறது. பின்னால் 20,960ஐ எட்டால் வகுத்தால் 2,620. பின்னால்தான் லோடு என்று எல்லோரும் பின்னால் ஏற்றுகிறோம், ஆனால் ஒரு டயருக்கு என்று பார்த்தால் முன்னால்தான் அதிகம். 2018ல் முன் ஆக்சிலில் ஏற்றலாம் என்ற சட்ட அளவை 6ல் இருந்து 7 டன் ஆக்கினார்களே, அந்த 7 டன்னை இந்த டயரில் ஏற்றினால் டயர் தாங்குகிற அளவே தாண்டிவிடும், அதனால் 6,500க்கு மேல் முன்னால் விடாதீர்கள்.

முன்னால் டயரில் அச்சடித்திருக்கிற முழுக் காற்று, டிஸ்க் (டயர் மாட்டுகிற இரும்புச் சக்கரம்) அதைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் டயர் கம்பெனி அட்டவணையில் 2,620க்கு என்ன போட்டிருக்கிறதோ அது, டீலரிடம் கேட்டால் கொடுப்பார்கள். எங்கள் வண்டியில் அப்படிப் பார்த்து பின்னால் இருப்பதைவிட முன்னால் 15 பி.எஸ்.ஐ. கூட வைக்கிறோம். இரண்டு மாதம் ஓட்டிவிட்டுப் பட்டனைத் தடவிப் பாருங்கள், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் அதிகம். டிரைவர் கையில் ஒரு நல்ல கேஜ் வாங்கிக் கொடுங்கள், 128ஐப் பார்த்தால் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.