முதல் பருவ வகைநுண்கணிதத் தாளுக்கு என்னென்ன விதிமுறைகள் வைக்கலாம்?

கேள்வி – காட்பாடி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். காட்பாடிக்கு அருகிலுள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணிதத் துறையில் அண்மையில்தான் சேர்ந்தேன். வரும் கல்வியாண்டில் பி.எஸ்சி. முதலாமாண்டு மாணவர்களுக்கு வகைநுண்கணிதம் நடத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. முதல் வகுப்பிலேயே, இந்தத் தாளில் அவர்களிடம் நான் எதிர்பார்ப்பது என்ன, அவர்கள் என்னிடம் எதிர்பார்க்கக்கூடியது என்ன என்பதை ஒரு பக்க அளவில் எழுதிக் கையில் கொடுத்துவிட விரும்புகிறேன்.

வருகைப்பதிவு 75 விழுக்காடு, அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண், பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75, அதில் 30 எடுத்தால்தான் தேர்ச்சி என்பவையெல்லாம் நம் கையில் இல்லாத விதிகள். அவற்றைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்த 25 மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது, அசைன்மென்ட்டைத் தாமதமாகக் கொடுத்தால் ஏற்பதா, உள்தேர்வைத் தவறவிட்டவருக்கு மறுதேர்வு உண்டா, விடை சரியாக இருந்து படிகள் விட்டுப்போயிருந்தால் எவ்வளவு குறைப்பது என்பவற்றில்தான் எனக்குத் தெளிவு தேவை. எங்கள் துறையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். மாணவர்களுக்கோ அது செமஸ்டர் முடியும்போதுதான் தெரியவருகிறது.

பதில் – ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்

வணக்கம் அம்மா. எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்ததே நல்ல தொடக்கம். எழுதாத விதி, யார் வந்து கெஞ்சுகிறார்களோ அவர்களுக்கு ஏற்றாற்போல வளைந்துவிடும்; கெஞ்சத் தெரியாத பிள்ளைதான் அதில் நட்டப்படும்.

முதலில் அசைன்மென்ட். வகுப்பில் ஒருவர் போடுவார், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். இப்போது அந்த ஒருவரும் கைப்பேசிச் செயலியில் படமெடுத்து விடையை வாங்கிவிடுகிறார். இதைத் தடை செய்து பயனில்லை. வீட்டுக் கணக்குக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, அதே கணக்குகளிலிருந்து எண்களை மட்டும் மாற்றி வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடத் தேர்வு வையுங்கள். வீட்டில் யாரைப் பார்த்து எழுதினார் என்ற விசாரணையே தேவைப்படாது. எக்ஸ் ஸ்கொயரையும் ஈ அடுக்கு மூன்று எக்ஸையும் பெருக்கி, என்-ஆவது வகைக்கெழுவை லைப்னிட்ஸ் தேற்றத்தால் கேட்டுப் பாருங்கள். எக்ஸ் ஸ்கொயரின் மூன்றாம் வகைக்கெழு பூஜ்யம் என்பதால் விரிவு மூன்று உறுப்புகளோடு நின்றுவிடும். வீட்டில் தானாகப் போட்டவர் அங்கே நிறுத்துவார். பார்த்து எழுதியவர் நான்காவது உறுப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

படிகளுக்கான மதிப்பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தாளின் உயிரே அங்கேதான் இருக்கிறது. எக்ஸ் கியூப் என்ற சார்பை முதல் கொள்கையிலிருந்து, அதாவது எக்ஸில் எச் என்ற சிறு மாற்றத்தை வைத்து எல்லை (லிமிட்) காணும் வரையறையிலிருந்து, வகையிடச் சொன்னால், பெரும்பாலோர் முதல் வரியில் லிமிட் என்று எழுதுவார்கள், இரண்டாம் வரியில் அது காணாமல் போகும், மேலும் கீழும் உள்ள எச்-ஐ அடித்துவிட்டு, கடைசியில் எச் பூஜ்யம் என்று இட்டு மூன்று எக்ஸ் ஸ்கொயர் என்று முடிப்பார்கள். விடை சரி. ஆனால் அடிக்கும்போது எச் பூஜ்யம் இல்லை என்பதும், அதன் பிறகே அது பூஜ்யத்தை நெருங்குகிறது என்பதும் அந்த விடைத்தாளில் எங்கும் இல்லை. பூஜ்யத்தால் வகுத்ததாகத்தான் அது நிற்கிறது. ஐந்து மதிப்பெண் கேள்வியென்றால் இதற்கு நான் மூன்றுதான் போடுவேன். மாறாக, ஒவ்வொரு வரியிலும் லிமிட்டைத் தாங்கிவந்து, விரிவில் ஒரு கெழுவை மட்டும் தவறவிட்டவருக்கு நான்கு. இதைக் கேட்டதும் மாணவர்கள் கோபப்படுவார்கள். அதனால்தான் முதல் வாரத்திலேயே இப்படிப்பட்ட இரண்டு விடைகளைப் பக்கம் பக்கமாக எழுதி, சிவப்பு மையில் திருத்தி, உங்கள் தாளின் பின்பக்கத்தில் நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள். "படிகளைத் தெளிவாக எழுதவும்" என்று வெறும் வாக்கியமாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது.

மறுதேர்வு தனியாக வேண்டாம். வாரத் தேர்வுகளில் குறைந்த மதிப்பெண் பெற்ற மூன்றை எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிடுங்கள். காய்ச்சல், திருமணம், ஊர்த் திருவிழா எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மருத்துவச் சான்றிதழ் உண்மையா பொய்யா என்று பார்த்துக்கொண்டிருப்பது ஆசிரியர் வேலை அல்ல.

பதில் – ஆம்பூர், மூன்றாமாண்டு மாணவர்

மேடம், மாணவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

தாங்கள் கொடுக்கும் தாள் தமிழிலும் இருக்க வேண்டும். எங்களில் பலர் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்கள். சார்பு, எல்லை, தொடர்ச்சி, சங்கிலி விதி என்று படித்தவற்றையே கல்லூரியில் ஆங்கிலத்தில் கேட்கும்போது, தெரிந்த பாடமே தெரியாததுபோல் ஆகிவிடுகிறது. முதல் இரண்டு வாரங்களுக்காவது இரு மொழிச் சொற்களையும் கரும்பலகையில் எழுதினால் பேருதவியாக இருக்கும். பதினொன்றாம் வகுப்புக் கணித நூலின் இரண்டாம் தொகுதியில் எல்லைகளும் வகையிடலும் இருக்கின்றன. அதில் எந்தப் பகுதியெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே குறிப்பிட்டால், விட்டுப்போனதை நாங்களே படித்துக்கொண்டு வந்துவிடுவோம். சில பள்ளிகளில் அந்த ஆண்டுப் பாடத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

தாமத வருகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலை எக்ஸ்பிரஸுக்காக வழியில் நிறுத்திவிட்டால், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் மாணவர்கள் அனைவரும் ஒன்றாகத்தான் தாமதமாவோம். அன்று முதல் மணி நேரத்தின் தொடக்கத்திலேயே பத்து நிமிடத் தேர்வு இருந்தால், ஊரைப் பார்த்து மதிப்பெண் போட்டதுபோல் ஆகிவிடும். தேர்வை வகுப்பின் கடைசிப் பத்து நிமிடங்களில் வைத்தால் இந்தச் சிக்கலே வராது. மாலையில் ஷூ கம்பெனியிலும் கடைகளிலும் வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. எந்த வாரம் என்ன தேர்வு என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

கடைசியாக ஒன்று: அறிவித்த விதியை நடுவில் மாற்றாதீர்கள். எங்கள் முதலாமாண்டில் ஒரு பாடத்தில், அசைன்மென்ட்டுக்கு என்று சொல்லப்பட்ட மதிப்பெண் செமஸ்டர் முடிவில் செமினாருக்கு மாற்றப்பட்டது; ஒழுங்காக எழுதிக் கொடுத்தவர்கள்தான் அதில் பாதிக்கப்பட்டார்கள்.

பதில் – திருப்பத்தூர், உதவிப் பேராசிரியர்

பேராசிரியர் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் மூன்று தேர்வுகளை விட்டுவிடலாம் என்பதில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்றால், ஆறு நாள் சுழற்சியில் அது பதினைந்து வாரம். உள்தேர்வு வாரங்களைக் கழித்தால் பன்னிரண்டு வாரத் தேர்வுகள்தான் நடத்த முடியும். அதில் மூன்றைத் தள்ளினால் கால் பங்கு பாடம் போய்விடுகிறது. மாணவர்கள் எதைத் தள்ளுவார்கள் என்று நமக்குத் தெரியும்: வளைவு ஆரமும் அதற்குப் பின் வருபவையும்தான். இரண்டு போதும், அதிலும் ஓர் அலகுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று வையுங்கள்.

இன்னொன்றை மாணவர்களிடம் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள். அகமதிப்பீட்டில் 24 எடுத்தவர் பல்கலைக்கழகத் தேர்வில் 27 எடுத்தால் கூட்டுத்தொகை 51. ஆனாலும் அவருக்கு அரியர். அகமதிப்பீட்டில் 10 மட்டும் எடுத்தவர் வெளித்தேர்வில் 30 எடுத்தால் கூட்டுத்தொகை 40, அவர் தேர்ச்சி. தாராளமாகப் போடப்பட்ட இன்டர்னல் மதிப்பெண் பிள்ளையைக் காப்பாற்றாது என்பது இதிலேயே தெரியும். அதை அள்ளிக் கொடுப்பது அன்பு என்று நம்மில் சிலர் கருதுகிறார்கள். நவம்பரில் அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து எழுதப்போகும் மூன்று மணி நேரத்தை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

தாமதமான அசைன்மென்ட்டை ஒரு வாரம் வரை பாதி மதிப்பெண்ணுக்கு ஏற்கலாம். விடைகளை வகுப்பில் விளக்கிய பிறகு ஏற்கவே கூடாது. செயலியையோ செயற்கை நுண்ணறிவையோ பயன்படுத்தினால் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். யாரை வேண்டுமானாலும் அழைத்து அவர் எழுதிய ஒரு வரியைக் கரும்பலகையில் விளக்கச் சொல்வேன் என்றும் அதே தாளில் எழுதிவிடுங்கள். சைன் எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டு, காஸ் எக்ஸ் ஸ்கொயரோடு வந்த அந்த டூ எக்ஸ் எங்கிருந்து முளைத்தது என்று கேட்டால், தானாகப் போட்டவர் யார் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்டவர் – காட்பாடி ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. வாரத் தேர்வை வகுப்பின் கடைசிப் பத்து நிமிடங்களில் வைப்பதாகவும், இரண்டை மட்டும் விட்டுவிடுவதாகவும், விதித்தாளை இரு மொழியிலும் கொடுப்பதாகவும் முடிவு செய்துவிட்டேன். திருத்திய மாதிரி விடைகளை இந்த வாரமே எழுதத் தொடங்குகிறேன். ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது: அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொரு வாரமும் தேர்வுத்தாளைத் திருத்தித் திருப்பித் தர முடியுமா?

பதில் – ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்

ஒரே ஒரு கணக்கு, ஐந்து மதிப்பெண் என்று வைத்தால் முடியும் அம்மா. ஒரே கணக்கின் அறுபது விடைகளைத் தொடர்ந்து பார்க்கும்போது தவறுகள் நான்கைந்து வகைகளுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்தைக் குறியாக வைத்து ஓரத்தில் அதை மட்டும் இடுங்கள், விளக்கத்தை வகுப்பில் பொதுவாகச் சொல்லுங்கள். அடுத்த தேர்வுக்கு முன் தாள் கைக்கு வந்துவிடும் என்பதையும் உங்கள் விதித்தாளில் எழுதுங்கள். மாணவர் உங்களிடம் எதிர்பார்க்கக்கூடியவற்றில் முதலாவதாக அதையே எழுதுங்கள்.