பெரிய வீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

கார்த்தி (வான்கூவர்): 📷 புது வீட்டுப் பக்கம் எடுத்தது. கேம்பி பாலத்துக்கு அடியில் அஞ்சு விரல் மாதிரி புகைபோக்கி நிற்கிறதே, அங்கிருந்துதான் எங்கள் ஹீட்டருக்கும் வெந்நீருக்கும் சூடு வருகிறது. சாக்கடைச் சூடு!

கமலா சித்தி: சீ! சாக்கடைத் தண்ணீரிலா குளிக்கிறாய்? 🤢

கார்த்தி: ஐயோ, இல்லை சித்தி. சூடு மட்டும்தான் வரும். சாக்கடை ஒரு பக்கம், நல்ல தண்ணீர் ஒரு பக்கம். நடுவில் உலோகத் தகடு, இரண்டும் கலக்கவே கலக்காது.

கமலா சித்தி: எதுவானாலும் அந்தச் சூட்டில் காபி போடாதே.

ராஜு மாமா: கமலா, உன் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கை வைத்துப் பார். உள்ளே இருக்கிற சூட்டைத்தான் வெளியே தள்ளுகிறது. அதே வேலைதான் இதுவும். கார்த்தி, சாக்கடை என்ன டிகிரி?

கார்த்தி: குளிர்காலத்திலும் 20ஐ ஒட்டி இருக்குமாம் மாமா. எல்லார் வீட்டுக் குளியலும் பாத்திரம் கழுவுவதும் அதில்தானே போகிறது. வெப்பப் பம்ப் அந்தச் சூட்டை எடுத்து நல்ல தண்ணீரை 65க்கு மேல் ஏற்றி அனுப்புகிறது. 1 யூனிட் கரண்ட் போட்டால் ஏறக்குறைய 3 யூனிட் சூடு.

ராஜு மாமா: சுத்திகரித்த பிறகுதானே எடுக்க வேண்டும்? அழுக்கோடு எடுத்தால் அடைத்துக்கொள்ளுமே. முப்பது வருஷம் அந்த வேலைதானே பார்த்தேன்.

கார்த்தி: வியன்னாவில் நீங்கள் சொல்கிற மாதிரிதான். சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீரில் எடுக்கிறார்கள். 2023 டிசம்பரில் தொடங்கியது, 56,000 வீடுகளுக்குப் போதுமாம். இங்கே சுத்திகரிப்பு நிலையம் தள்ளி ஐயோனா தீவில் இருக்கிறது. அங்கிருந்து சூட்டைக் குழாயில் திருப்பிக் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. அதனால் வழியிலேயே பம்பிங் ஸ்டேஷனில் சல்லடை போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். 2010 ஒலிம்பிக் கிராமத்துக்காகக் கட்டியது.

ராஜு மாமா: சரி. அப்புறம் புகைபோக்கி எதற்கு? சாக்கடைக்குப் புகை ஏது?

கார்த்தி: பிடித்துவிட்டீர்களே 😄 கடுங்குளிரில் பம்ப் மட்டும் போதாது. கேஸ் பாய்லரும் ஓடும், அதற்குத்தான். விரல் நுனியில் விளக்கு வைத்திருக்கிறார்கள், சூடு எவ்வளவு செலவாகிறதோ அதற்கேற்ப நிறம் மாறும்.

ராஜு மாமா: அப்படிச் சொல்லு. சென்னைக்குச் சூடு வேண்டாம், இருக்கிறதே போதும். கோயம்பேட்டில் கழிவுநீரை ஆர்.ஓ. செய்து ஒரகடம் ஆலைகளுக்கு அனுப்புகிறார்களே, நமக்கு அதுதான் சரி.

சரோஜா அத்தை: பில் எவ்வளவு வருகிறது, அதைச் சொல்லுடா.

கார்த்தி: இன்னும் முதல் பில் வரவில்லை அத்தை.

சரோஜா அத்தை: வந்ததும் போடு. இப்போ ஞாயிறு வளைகாப்புக்கு யார் யார் வேனில் வருகிறீர்கள்? கை தூக்குங்கள்.

கமலா சித்தி: ✋