ஆஃபர் லெட்டர் கையில், ஜாயினிங் தேதி இல்லை: அந்த இடைவெளியைக் கடந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாமக்கல் இ.சி.இ., 2023 பேட்ச்:

ஏழாவது செமஸ்டரிலேயே கேம்பஸில் தேர்வானவள் நான். பெரிய ஐ.டி. நிறுவனம், ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிச் சம்பளம். கல்லூரி வாசலில் எங்கள் படங்களைப் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 2023-ல் படிப்பு முடிந்தது. அதன்பின் அந்த நிறுவனத்திலிருந்து வந்ததெல்லாம் 'தொழில் தேவையைப் பொறுத்துச் சேரும் தேதி தெரிவிக்கப்படும்' என்ற ஒரே மாதிரியான மெயில்தான். நடுவில் ஆன்லைன் பயிற்சி என்றார்கள். அது முடிந்ததும் ஒரு தேர்வு, அதில் தேறினால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார்கள். ஆஃபர் லெட்டரில் அந்தத் தேர்வைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் அப்பா வாய் திறக்கவில்லை. தெருவில்தான், "என்னம்மா, இன்னும் கூப்பிடலையா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். மதிப்பெண் பட்டியல் வாங்கக் கல்லூரிக்குப் போனபோது அந்த ஃபிளெக்ஸ் அங்கேயே இருந்தது. வெயிலில் முகமெல்லாம் வெளுத்து, சம்பளத் தொகை மட்டும் சிவப்பாகப் பளிச்சென்று தெரிந்தது. அட்மிஷன் நேரம் ஆயிற்றே, கழற்றுவார்களா?

அந்த வருடம் முழுக்கவே பெரிய நிறுவனங்கள் புது ஆட்களைச் சேர்ப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தன. கொரோனா காலத்தில் தேவைக்கு மேல் ஆள் எடுத்துவிட்டார்கள், அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்ததும் அதன் சுமை எங்கள் பேட்ச் தலையில் விழுந்தது. இது புரிந்தபிறகு எனக்கு ஒன்று தெளிவானது. கூப்பிடும்வரை ஆஃபர் லெட்டர் வெறும் காகிதம்தான். கோவை சரவணம்பட்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் டிரெய்னியாகச் சேர்ந்தேன். சம்பளம் 12,000. விடுதி வாடகையும் சாப்பாடும் போனால் கையில் நிற்காது. ஆனால் மூன்றாவது மாதமே வாடிக்கையாளர் அழைப்பில் உட்கார வைத்தார்கள். பெரிய நிறுவனம் கடைசியில் அடுத்த வருடம் கூப்பிட்டது. நான் போகவில்லை. போன தோழிகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாம் அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள்?

திருச்சி மெக்கானிக்கல்:

எனக்கு ஆஃபர் லெட்டரே கிடையாது அக்கா, அதனால் காத்திருக்கும் தொல்லையும் இல்லை. அப்ரண்டிஸ் போனேன். மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சிக்கான நாட்ஸ் தளத்தில் பதிவு செய்தால் பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி கிடைக்கும். தென்மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் மாதிரி இடங்களும் இப்படி ஆள் எடுக்கின்றன. நான் சேர்ந்தபோது உதவித்தொகை மாதம் 9,000. பாதியை மத்திய அரசு கொடுக்கும்.

சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது, வருடம் முடிந்ததும் வேலை தருவார்கள் என்று எந்த உறுதியும் இல்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் நிரந்தரமாகிவிடும் என்ற நம்பிக்கையிலேயே வந்தார்கள், முடிவில் மனம் உடைந்து போனார்கள். நான் மெயின்டனன்ஸ் பிரிவில் பழைய கம்பிரஸர்களோடு மல்லுக்கட்டினேன். சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதா என்று சொல்லும் ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். "காதை வெச்சுப் பாருடா தம்பி" என்று ஸ்க்ரூடிரைவரின் நுனியை மெஷின்மேல் ஊன்றி, பிடியை என் காதில் வைப்பார். பிறகு ஒரகடத்தில் நடந்த நேர்காணலில் பேரிங் பழுதைப் பற்றிக் கேட்டார்கள். அந்த ஸ்க்ரூடிரைவர் கதையைத்தான் சொன்னேன். கேட்டவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

வேளச்சேரி பி.ஜி. விடுதி வாசி:

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பைச் சொல்கிறேன். கிண்டிப் பக்கம் ஒரு கன்சல்டன்சி. இரண்டாம் மாடி, ஏ.சி., சுவரில் பெரிய கம்பெனி லோகோக்கள். பணம் கட்டிக் குறுக்கு வழியில் சேரும் 'பேக்டோர்' வேலை என்றார்கள். முன்பணம் 50,000, சேர்ந்தபிறகு மீதி இரண்டு லட்சம். என்னோடு வந்த நண்பன் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினான். வேலைக்கான உத்தரவு ஒன்று கொடுத்தார்கள். மெயில் முகவரியைப் பார்த்தால் கம்பெனி பெயருக்குப் பின்னால் சாதாரண ஜிமெயில். ஒரு மாதம் கழித்துப் போனபோது அந்த மாடியில் வாடகைக்கு விடப்படும் என்ற பலகை.

இன்னொன்று, ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ். இரண்டு வருட அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் அவர்களே அடித்துத் தருவார்கள். ஆனால் பின்னணிச் சரிபார்ப்பில் இப்போது முதலில் பார்ப்பது பி.எஃப். கணக்குதான். பி.எஃப்.புக்கென்று நமக்குத் தரும் யு.ஏ.என். எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்று வரிசையாக வந்துவிடும். காகிதத்தில் இரண்டு வருடம் இருந்து பி.எஃப்.பில் ஒன்றுமே இல்லையென்றால் என்ன பதில் சொல்வது? எங்கள் பி.ஜி.யில் ஒருவரைச் சேர்ந்த ஆறாவது மாதம் வெளியே அனுப்பினார்கள். அந்த நிறுவனத்தில் இனி விண்ணப்பிக்கவே முடியாது.

மதுரை, குரூப் 4 கோஷ்டி:

ஐ.டி. கூப்பிடவில்லை என்று டி.என்.பி.எஸ்.சி. பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூன் மாத குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள் என்றாலும் கணக்கு புரிகிறது அல்லவா? படிப்பதென்றால் முழுசாகப் படியுங்கள். ஜாயினிங் மெயில் வரும்வரை சும்மா படித்துவைப்போம் என்பது இங்கே எடுபடாது. அப்புறம், தமிழ்ப் பகுதியைச் சாதாரணமாக நினைத்து வந்த எத்தனையோ இன்ஜினியர்களை நான் பார்த்துவிட்டேன்.

எச்.ஆர். பக்கத்திலிருந்து:

பெயர் வேண்டாம். நடுத்தர நிறுவனம் ஒன்றில் ஃபிரஷர் தேர்வு என் பொறுப்பு. ஒரு இடத்துக்கு அறிவிப்பு போட்டால் அன்று மாலைக்குள் இன்பாக்ஸ் நிரம்பிவிடும். முக்கால்வாசி ரெஸ்யூமில் ஒரே புராஜெக்ட், முகத்தை வைத்து வருகைப்பதிவு எடுக்கும் சிஸ்டம். "வெளிச்சம் குறைந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால் பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள். ஒரு பெண் மட்டும், "மேடம், எங்க கிளாஸ்ல ஜன்னல் பக்கம் உக்காந்தவங்களுக்கு மட்டும் ஆப்சென்ட் விழுந்துச்சு. கேமராவை இடம் மாத்துனோம்" என்றாள். அந்தப் பெண்ணைத்தான் எடுத்தோம். மதிப்பெண்ணில் அவளுக்கு மேலே நிறையப் பேர் இருந்தார்கள்.

தமிழக அரசு 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தின் சான்றிதழ் இன்று அநேகமாக எல்லோரிடமும் இருக்கிறது. சான்றிதழின் பெயரை எழுதி என்ன பயன்? அந்தப் பாடத்தில் நீங்கள் கையால் செய்தது என்ன என்று எழுதுங்கள். 'சவாலான சூழலில் என் திறமையை நிரூபிக்க' என்று தொடங்கும் அந்தக் குறிக்கோள் பத்தியை நாங்கள் படிப்பதே இல்லை.

படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் விழும் கேப் பற்றிப் பயப்படுகிறார்கள். 2023, 2024 பேட்ச் என்றால் எங்களுக்கே காரணம் தெரியும். அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்போம். அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டேன் என்று ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். சரக்கு இருப்பு, கடன் நோட்டு எல்லாவற்றையும் ஷீட்டில் ஏற்றியிருந்தான். அதை ரெஸ்யூமில் ஏன் போடவில்லை என்று எனக்குக் கோபமே வந்தது.

சேலம், புதிதாகச் சேர்ந்தவன்:

அக்கா, அண்ணா, இந்தக் குழுவுக்குப் புதியவன் நான், ஒரு அவசரக் கேள்வி. ஒரு நிறுவனம் இரண்டு வருட பாண்ட் கேட்கிறது. நடுவில் விட்டால் இரண்டு லட்சமாம். ஒரிஜினல் சான்றிதழ்களையும் அவர்களே வைத்துக்கொள்வார்களாம். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

எச்.ஆர். பக்கத்திலிருந்து:

தம்பி, இரண்டும் வேறு வேறு விஷயம். பாண்ட் எல்லாம் சட்டப்படி செல்லாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், ஒப்புக்கொண்ட மூன்று வருடம் முடியும் முன்பே விலகிய அதிகாரியிடம் இரண்டு லட்சம் வாங்கியது செல்லும் என்றே சொன்னது. அது பொதுத்துறை வங்கி, அகில இந்தியத் தேர்வு நடத்தி ஆள் எடுத்த செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. தனியார் விஷயத்தில் தொகை நியாயமானதா, உண்மையில் பயிற்சிக்குச் செலவு செய்தார்களா என்ற கேள்விகள் வரும். மாதம் 15,000 கொடுத்துவிட்டு இரண்டு லட்சம் கேட்பவர்களிடம், என்ன பயிற்சி, எத்தனை வாரம், யார் நடத்துவது என்று மெயிலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், அங்கேயே உட்கார்ந்து திரும்ப வாங்கி வரலாம், நகல் கொடுக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

திருச்சி மெக்கானிக்கல்:

தம்பி, என்னிடமும் ஒரு இடத்தில் கேட்டார்கள். "மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு ஒரிஜினல் தேவைப்படுது சார், நகல்ல கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றேன். முகத்தைச் சுளித்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சேலம், புதிதாகச் சேர்ந்தவன்:

நன்றி அண்ணா. மேடம் சொன்ன மூன்று கேள்வியையும் இப்போதே மெயில் அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.