ஸ்கேன், ரத்தம், காது எல்லாம் நார்மல். தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை. யாரைப் பார்ப்பது?

செக்கிங் அக்கா, திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. வயது 38. பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலை. கண்ணாடி மேஜைக்கு அடியில் ட்யூப்லைட் எரியும், மேலே ரோல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, நீடில் லைன், எண்ணெய்க் கறை எது தட்டுப்பட்டாலும் மெஷினை நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ரொம்ப வருஷமாகச் செய்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பெருமையடிக்க முடியாது, கண்தான் வேலையே.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி ஷிப்மெண்ட் சமயம். தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. நேவி புளூவும் வெள்ளையும் கோடு போட்ட துணி. ஒரு ஓட்டையைப் பார்த்து மெஷினை நிறுத்தினேன். துணி நின்றுவிட்டது, கோடுகள் நிற்கவில்லை. மேலே மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தன. மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றேன். காலுக்கடியில் தரை இலவம்பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கியது. பக்கத்து மேஜைப் பெண்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். வாந்தி வேறு. இரவு வரைக்கும் தலையை அசைக்கவே பயமாக இருந்தது.

அப்போதிலிருந்து வருகிறது, போகிறது. சில வாரம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போதே தெரிந்துவிடும், இன்றைக்கு நாள் போச்சு என்று.

வீட்டுப் பக்கத்து டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து ஹீமோகுளோபின் 10.4 என்றார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு 12-க்கு மேலே வந்துவிட்டது. தலைசுற்றல் அப்படியே இருக்கிறது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்து கழுத்து எலும்பு தேய்மானம் என்று காலர் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு குனிந்து துணி பார்க்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் காது கேட்கும் டெஸ்ட் எடுத்து, குறையில்லை என்று சொல்லி வெர்டின் என்ற தலைசுற்றல் மாத்திரை எழுதினார். கடைசியாக எம்ஆர்ஐ. அதுவும் நார்மல். இன்னொரு டாக்டர் ஃபைலை மூடிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

மாமியார், "பித்தம் தலைக்கேறியிருக்குது கண்ணு" என்று தினமும் இஞ்சிச் சாறு தருகிறார். பக்கத்து வீட்டு அத்தை கண்ணேறு என்று உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார். ஏற்கனவே சுற்றுகிற தலையை இன்னும் மூன்று சுற்று.

நான் கேட்பது இதுதான்: இனி எந்த டாக்டரிடம் போவது? வெர்டின் விட்டு விட்டுப் போடுகிறேன், போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எல்லாம் நார்மல் என்றால் எனக்கு வருவது என்ன?

எண்ணெய்ச்சட்டி, ஈரோடு:

அக்கா, எனக்கும் இப்படித்தான் இருந்தது. ராத்திரி இடது பக்கம் புரண்டு படுத்தால் அறையே சுழலும். அரை நிமிடம்தான், ஆனால் உயிர் போய்விடும் போலிருக்கும். பரணில் இருக்கிற டப்பாவை அண்ணாந்து எடுத்தாலும் வரும்.

காது டாக்டர் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் படுக்க வைத்தார். என் கண்மணி தானாகத் துடித்ததைப் பார்த்துவிட்டு இதுதான் என்று சொல்லிவிட்டார். பிபிபிவி என்று பெயர். உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி, அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றனவாம். அங்கேயே தலையை நாலைந்து நிலையில் திருப்பித் திருப்பி நிறுத்தினார். எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்த முறை. மாத்திரையே இல்லாமல் போய்விட்டது. இதுவும் ஸ்கேனில் தெரியாது. உங்களுக்கு அந்தப் படுக்க வைக்கும் டெஸ்ட் செய்தார்களா?

கோவை ஆடியாலஜிஸ்ட்:

எண்ணெய்ச்சட்டி சொல்வது சரி. தலைசுற்றலுக்கு அடிக்கடி காணும் காரணங்களில் அது ஒன்று. அந்த டெஸ்ட் செய்யாமல் யாரையும் விடக்கூடாது. ஆனால் பிபிபிவியில் ஒவ்வொரு சுற்றலும் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். செக்கிங் அக்காவுக்கு இரவு வரை நீடித்திருக்கிறது, ஓடும் துணியைப் பார்த்ததும் வந்திருக்கிறது. அது இடிக்கிறது.

காது, சமநிலை டெஸ்ட் எடுப்பதுதான் ஆடியாலஜிஸ்ட் வேலை; பல வருஷம் தலைசுற்றல் நோயாளிகளுக்கு டெஸ்ட் எடுத்தவள் என்பதால் சொல்கிறேன். இங்கே மெஷினைவிட நீங்கள் சொல்லும் கதைதான் பெரிய டெஸ்ட். "தலை சுற்றுகிறது" என்று மட்டும் சொன்னால் ஒவ்வொரு டாக்டரும் அவரவர் துறையில் தேடுவார். எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எது கிளப்பிவிடுகிறது, கூட என்ன வருகிறது என்று மூன்றையும் சொல்லுங்கள். படுக்கையில் புரளும்போது சில நொடி என்றால் பிபிபிவி பக்கம் போகலாம். இருபது நிமிடம் முதல் சில மணி நேரம், கூடவே ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்பது மந்தமாகி மறுபடி தெளிந்தால் மெனியர் என்ற உள்காது நோய். படுத்தவர் எழுந்து நின்றதும் கண் இருட்டினால் ரத்த அழுத்தம். அதற்கு உட்கார வைத்து ஒரு தடவை பிபி பார்த்தால் போதாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதில் விஷயம் இருக்கிறது.

உங்களிடம் சில கேள்விகள். சுற்றும்போது வெளிச்சம், சத்தம் தாங்குகிறதா? மாதவிலக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? சின்ன வயதில் பஸ்ஸில் போனால் வாந்தி வருமா? வீட்டில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா?

இன்னொன்று. அடுத்த முறை வரும்போது யாரையாவது விட்டு உங்கள் கண்ணை மொபைலில் கிட்டத்தில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகிற அன்று தலைசுற்றல் வராது, எப்போதும் அப்படித்தான். கண்மணி எந்தப் பக்கம் துடிக்கிறது என்று வீடியோவில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சுற்றலோடு பேச்சு குழறினால், முகம் கோணினால், ஒரு பக்கம் கை கால் மரத்தால், பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தால், பிடித்தும் நிற்க முடியாவிட்டால் வீடியோ எல்லாம் வேண்டாம். உடனே 108.

சும்மா ஒருவன்:

எல்லாம் கேஸ்தான். ராத்திரி மொபைல் பார்ப்பதை நிறுத்துங்க, சுக்குக் காப்பி குடிங்க, சரியாகிவிடும்.

செக்கிங் அக்கா, திருப்பூர்:

சும்மா ஒருவன் தம்பி, இஞ்சியே ஓடிக்கொண்டிருக்கிறது, சுக்கும் சேர்ந்தால் வயிறு என்னாவது.

மேடம், நீங்கள் கேட்டதைப் படித்ததும் கை நடுங்கியது. இவ்வளவு டாக்டரில் ஒருவர்கூட பஸ் வாந்தியைப் பற்றிக் கேட்டதில்லை. சின்ன வயதில் பழனிக்குப் போனால் நான் ஜன்னலோரம்தான், மடியில் கேரிபேக்கோடு. இப்போதும் கம்பெனி வேனில் முன் சீட் கிடைக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்வேன்.

சுற்றும்போது ட்யூப்லைட் ஊசியாய்க் குத்தும். ஓவர்லாக் மெஷின் சத்தம் தாங்காது, சாயத்துணி வாசம் வயிற்றைப் புரட்டும். தலைவலி சில தடவை வரும், சில தடவை வராது. அதனால் இரண்டையும் நான் சேர்த்துச் சொன்னதில்லை. காது அடைப்பதில்லை. சீக்கிரம் என்றால் ஒரு மணி நேரம், மோசமென்றால் மறுநாள் மதியம் வரை. விலக்குக்கு இரண்டு நாள் முன்னால் பெரும்பாலும் வருகிறது. ஷிப்மெண்ட் நேரத்தில் தூக்கமும் கெடும், மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போகும், அப்போதும் வரும். எங்கம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுத்திருப்பார்.

கோவை ஆடியாலஜிஸ்ட்:

நோய்ப்பெயரை இங்கிருந்தபடி நான் முடிவு செய்ய முடியாது. ஆனால் இப்போது எழுதியதை வரி மாறாமல் ஒரு தாளில் எழுதி நரம்பியல் டாக்டரிடம் கொடுங்கள். வெஸ்டிபுலர் மைக்ரேனாக இருக்குமா என்று கேளுங்கள். தலைவலியே இல்லாமல் தலைசுற்றலாக மட்டும் வரக்கூடிய மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி வகை அது. இதற்கான அளவுகோலை உலக அளவில் 2012-இல்தான் வகுத்தார்கள்: குறைந்தது ஐந்து முறை வந்திருக்க வேண்டும், 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கலாம், அதில் பாதித் தடவையாவது தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை போன்ற மைக்ரேன் அறிகுறி ஏதாவது கூட இருக்க வேண்டும். முன்பு மைக்ரேன் வந்த வரலாறும் கேட்பார்கள், அதனால் சில தடவை வரும் அந்தத் தலைவலியையும் எழுத மறக்காதீர்கள். இதை உறுதி செய்யும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. எம்ஆர்ஐ நார்மல் என்றால் கட்டி, பக்கவாதம் போன்றவை தென்படவில்லை என்று அர்த்தம். உங்களுக்கு நோயே இல்லை என்று அர்த்தமில்லை.

கழுத்துத் தேய்மானம் பற்றி ஒரு வார்த்தை. நாற்பதை நெருங்கும் பலருக்கும் எக்ஸ்ரேயில் கொஞ்சம் தெரியும். அது தெரிகிறது என்பதாலேயே தலைசுற்றலுக்குக் காரணம் ஆகிவிடாது. காலர் விஷயத்தில் எனக்கு ரொம்பக் கோபம் உண்டு, இத்தோடு விடுகிறேன்.

வெர்டினை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சுற்றலையும் வாந்தியையும் அடக்கும் ஸ்டெமெட்டில் மாத்திரை கையில் இருந்தால் சுற்றல் கடுமையாக இருக்கிற ஓரிரு நாளுக்கு மட்டும்தான். மாதக்கணக்கில் போட்டால், மூளை தானாகச் சமநிலையைப் பழகிக்கொள்வது தள்ளிப்போகும்; சிலருக்குக் கை நடுக்கமும் வரும்.

முன்னாள் பண்டல் தூக்கி, அவிநாசி:

அக்கா, சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா? பிடித்தால் லீவு எடுக்கப் பயப்பட வேண்டாம். ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கம்பெனியில் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியிலிருந்தே ரெஃபரல் வாங்குங்கள், கைக்காசு மிச்சம்.

செக்கிங் அக்கா, திருப்பூர்:

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஷிப்மெண்ட். ரெஃபரல் வாங்கிக் கோயம்புத்தூரில் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். தாளைக் கொடுத்தேன். மேலிருந்து கீழே முழுவதும் படித்தார், பேனாவால் நாலு இடத்தில் கோடு போட்டார். எண்ணெய்ச்சட்டி சொன்ன அந்தப் படுக்க வைக்கும் டெஸ்ட்டும் செய்தார், ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். வெஸ்டிபுலர் மைக்ரேன் என்றுதான் எழுதியிருக்கிறார். எனக்கு வீசிங் உண்டு என்பதால் ப்ரொப்ரனலால் என்ற மாத்திரை கூடாது என்று சொல்லி, மைக்ரேன் வராமல் தடுக்க ராத்திரியில் ஃப்ளூனரிசின் மாத்திரை கொடுத்திருக்கிறார். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதே என்றார். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், இது மருந்தில் பாதி என்றார். சார், இதைக் கம்பெனி லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள் என்றேன், சிரித்துவிட்டார்.

பெயர் கிடைத்ததிலேயே பாரம் பாதி இறங்கியது. மாமியாரிடம், "அத்தை, பித்தமில்லையாம், அம்மா வழி வந்ததாம்" என்றேன். "உங்கம்மா வழிதானே" என்று அவருக்கு ஏக நிம்மதி.

வேலையை விடவில்லை. இப்போதைக்கு என்னை அளவு பார்க்கிற மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே துணி ஓடாது, டேப்பும் பீஸும்தான். ஒரு சந்தேகம்: இந்த மாத்திரையில் காலையில் எழவே முடியவில்லை, பசியும் அதிகமாக இருக்கிறது. எல்லோருக்கும் இப்படியா?

எண்ணெய்ச்சட்டி, ஈரோடு:

என் தங்கை இதே மாத்திரைதான். ஆரம்பத்தில் தூங்கி வழிந்தாள். எட்டு மணிக்கே போட்டுக்கொள் என்று டாக்டர் சொன்ன பிறகு காலையில் பரவாயில்லை. பசி மட்டும் குறையவில்லை, பழைய ஜாக்கெட்டெல்லாம் பிரித்துத் தைக்கிறாள்.

கோவை ஆடியாலஜிஸ்ட்:

தூக்கம், பசி, எடை மூன்றும் இந்த மருந்தில் தெரிந்த விஷயம்தான். எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மனசு காரணமில்லாமல் சோர்ந்துகொண்டே போனாலோ, கை நடுங்கினாலோ, நடை மந்தமானாலோ ரிவ்யூ தேதி வரை காத்திருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். சுற்றல் வந்த நாள், விலக்கு நாள், சாப்பாடு தள்ளிப்போன நாள் மூன்றையும் காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். கோடு போட்ட துணிக்குத் திரும்பும் முன் வெஸ்டிபுலர் (சமநிலை) பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். அசைவதைப் பார்க்கக் கண்ணையும் மூளையையும் மெல்ல மெல்லப் பழக்குவார்கள். ரிவ்யூ எப்போது?

செக்கிங் அக்கா, திருப்பூர்:

சரிங்க மேடம், ராணிமுத்து காலண்டரில் இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். ரிவ்யூ அடுத்த மாதம் இரண்டாவது புதன். லீவு கேட்டிருக்கிறேன். சூப்பர்வைசர், "ஷிப்மெண்ட் முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார்.