அவசரம்: ஸ்டிக்கர் அச்சுக்குப் போகிறது, பெயர் காலியாக இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

செக்குமேடு:
வணக்கம். எங்கள் எண்ணெய்க்குப் பெயர் முடிவு செய்துவிட்டோம். டிரேட்மார்க் (வணிகக் குறி) பதிவுத் தளத்தில் தேடினேன், அந்தப் பெயர் வரவில்லை. ஆனால் கிட்டத்தட்ட அதைப் போலவே ஒலிக்கும் இன்னொரு பெயர் வருகிறது. நிலை என்ற இடத்தில் 'ஆப்ஜெக்டட்' என்று போட்டிருக்கிறது. ஆட்சேபம் வந்துவிட்டதென்றால் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம், நாம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் மைத்துனர். புதன்கிழமைக்குள் சிவகாசிக்கு ஸ்டிக்கர் ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். போடலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை:
என்ன பெயர்? எந்த வகுப்பில், அதாவது பதிவுக்காகப் பொருள்களை எண் போட்டுப் பிரித்திருக்கும் எந்தப் பிரிவில் தேடினீர்கள்? எண்ணெய் என்றால் சமையலுக்கா, தலைக்கா, வண்டிக்கு ஊற்றுவதா?

எண்ணும் எழுத்தும்:
கவலையே வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்தைக் கூட்டிவிடுங்கள். ஒரு 'ஏ' இருக்கும் இடத்தில் இரண்டு 'ஏ'. கூட்டுத்தொகை 5 அல்லது 6 வருமாறு பார்த்துக்கொண்டால் வியாபாரமும் ஓடும், சட்டப்படி வேறு பெயராகவும் ஆகிவிடும். எங்கள் சம்பந்தி மாவு மில்லுக்கு இப்படித்தான் செய்தார்.

கோப்புக்கட்டு:
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. சரி, மீண்டும் ஒருமுறை. 'ஆப்ஜெக்டட்' என்றால் டிரேட்மார்க் அலுவலகப் பரிசோதகர் கேள்வி கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். விண்ணப்பதாரர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தேவைப்பட்டால் விசாரணை நடக்கும், அதன் பிறகு அது பதிவாகவும் செய்யலாம். அதுவரை அந்த விண்ணப்பம் உயிரோடுதான் இருக்கிறது. உங்களுக்கு முன்பே தாக்கலானது என்பதால், பழைய பெயரோடு மோதக் கூடாது என்னும் டிரேட்மார்க் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி உங்கள் விண்ணப்பத்துக்கு எதிராக அதையே எடுத்துக் காட்டுவார்கள். மைத்துனரை எண்ணெய் ஆட்டும் வேலையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணும் எழுத்தும் அவர்களுக்கு: 'அமிர்ததாரா', 'லட்சுமணதாரா' என்ற இரண்டு மருந்துப் பெயர்கள் மோதிய வழக்கை உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்த்தது. பெயரை எழுத்தெழுத்தாக வெட்டி ஒப்பிட மாட்டார்கள். மங்கலான நினைவோடு கடைக்கு வரும் சாதாரண மனிதரின் காதில் முழுப் பெயரும் எப்படி விழுகிறது என்றுதான் பார்ப்பார்கள். இரண்டு 'ஏ' காதில் விழாது.

எண்ணும் எழுத்தும்:
சம்பந்திக்கு இதுவரை யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.

செக்குமேடு:
பெயரைப் பொதுவில் சொல்ல முடியாது, யாராவது எடுத்துவிடுவார்கள். தமிழ்ப் பெயர், மூன்றெழுத்து, நடுவில் 'ழ' வரிசை எழுத்து ஒன்று இருக்கிறது. மரச்செக்கு எண்ணெய்தான். வகுப்பு 30இல் தேடினேன். எங்கள் ஊர் மசாலா நிறுவனம் ஒன்று அதில்தான் பதிவு செய்திருக்கிறது.

கருப்பு அங்கி:
அங்கேதான் சிக்கல். மசாலா, மாவு, காபி, தேயிலை, அரிசி எல்லாம் 30. சமையல் எண்ணெய் வகுப்பு 29. ஊறுகாய், பால் பொருள்களோடு சேர்ந்து வரும். அதாவது உங்களுக்கு நேரடிப் போட்டி இருக்கக்கூடிய வகுப்பை நீங்கள் இன்னும் திறந்தே பார்க்கவில்லை. 30இல் ஒன்றும் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இன்னும் சில விவரங்கள் தேவை. தேடலில் 'முழுப் பொருத்தம்' தேர்ந்தெடுத்தீர்களா, 'உள்ளே எங்காவது' தேர்ந்தெடுத்தீர்களா? ஒலிவழித் தேடல் என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அதைச் செய்தீர்களா? நீங்கள் தனிநபரா, கூட்டு நிறுவனமா? இந்தப் பெயரில் ஏற்கெனவே விற்கிறீர்களா, இனிமேல்தானா? வெறும் பெயரா, படத்தோடு சேர்ந்த லேபிளா?

நெல்லைச்சீமை:
'ழ' இருக்கிறதென்றால் ஒலிவழித் தேடலை மட்டும் நம்பாதீர்கள், தம்பி. பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏறியிருக்கும். ஒருவர் இசட்-எச் போட்டிருப்பார், இன்னொருவர் வெறும் எல், வேறொருவர் இரண்டு எல். எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். முன்னால் 'ஸ்ரீ', பின்னால் 'ஆயில்ஸ்', 'டிரேடர்ஸ்' என்று ஒட்டியிருப்பதும் பிடிபட வேண்டுமென்றால் 'உள்ளே எங்காவது' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காங்கேயம் கொப்பரை:
எதற்கு இவ்வளவு பாடு? கம்பெனியாகப் பதிவு செய்துவிடுங்கள். கம்பெனிப் பதிவாளர் பெயரை ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்? எங்களுக்கு அந்தச் சான்றிதழும், ஜிஎஸ்டியும், உணவுப் பாதுகாப்பு உரிமமும் எல்லாம் அதே பெயரில்தான் இருக்கின்றன.

கோப்புக்கட்டு:
அந்த மூன்றும் சேர்ந்தாலும் டிரேட்மார்க் ஆகாது. கம்பெனிப் பெயர் என்பது வாசல் பலகை. பாட்டில் மீது இருக்கும் பெயருக்கு உரிமை டிரேட்மார்க் பதிவிலிருந்து வரும், அல்லது சந்தையில் முதலில் பயன்படுத்தியதிலிருந்து வரும். இதையும் பழைய இழைகளில் எழுதியிருக்கிறேன்.

சிவகாசி அச்சு:
நான் ஸ்டிக்கர் தொழிலில் இருப்பவன். ஒரு கேள்வி: ஸ்டிக்கர் மட்டும்தானா, பவுச்சும் உண்டா? பவுச் என்றால் அச்சடிக்கும் உருளையான சிலிண்டர் வெட்ட வேண்டும். பெயர் மாறினால் அந்தச் செலவு முழுவதும் வீண். ஸ்டிக்கர் மட்டும் என்றால் டிஜிட்டலில் சிறிய அளவில் அடித்து ஓட்டலாம். எண்ணிக்கை குறைந்தால் ஒன்றுக்கு விலை கூடும், ஆனால் தலைவலி குறையும்.

பதிவான பெயர் என்று காட்டும், வட்டத்துக்குள் 'ஆர்' போடச் சொல்லிப் பாதிப் பேர் கேட்கிறார்கள். பதிவுச் சான்றிதழ் கைக்கு வராமல் அதைப் போடுவது சட்டப்படி தவறு. டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான 'டிஎம்' போட்டுக்கொள்ளலாம், அதற்கு எந்தப் பதிவும் வேண்டியதில்லை.

செக்குமேடு:
முழுப் பொருத்தம்தான் போட்டேன். நானும் மைத்துனரும் கூட்டாளிகள். போன தீபாவளியிலிருந்து சொந்தக்காரர்களுக்கும் பக்கத்துக் கடைகளுக்கும் அந்தப் பெயரில் கொடுத்து வருகிறோம், பில் புத்தகம் இல்லை. பவுச் இல்லை, ஸ்டிக்கர்தான். கடலை, எள், தேங்காய் மூன்றும்.

கருப்பு அங்கி:
பில் இல்லையென்றால் முன்பே பயன்படுத்தியதாகக் கோராதீர்கள். அப்படிக் கோரினால் உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரங்களும் இணைக்க வேண்டும். 'இனிமேல் பயன்படுத்தப் போவது' என்றே தாக்கல் செய்யலாம்.

அந்த 'ஆப்ஜெக்டட்' விண்ணப்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, விண்ணப்ப நிலைப் பக்கத்தில் அதன் ஆவணங்களைத் திறந்து பரிசோதனை அறிக்கையைப் படியுங்கள். அது யாரும் படிக்கக்கூடியதுதான். 9ஆம் பிரிவின்படி ஆட்சேபம் என்றால், பெயர் வெறும் வருணனையாகவோ ஊர்ப் பெயராகவோ இருக்கிறது என்று பரிசோதகர் நினைக்கிறார். உங்கள் பெயருக்கும் அதே அடி விழும். 11 என்றால், எந்தெந்தப் பழைய பெயர்களோடு மோதுகிறது என்று அந்த அறிக்கையிலேயே பட்டியல் இருக்கும். உங்களுக்காக வேறொருவர் தேடிக் கொடுத்தது போல.

நெல்லைச்சீமை:
பதிவு, பதிவு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எங்கள் ஊர் இருட்டுக்கடை அல்வா வழக்கை மறக்க வேண்டாம். எதிர்த்தரப்பு பெயருக்கு முன்னால் 'திருநெல்வேலி' என்று சேர்த்துப் பதிவும் வாங்கியிருந்தது. இருந்தும் உச்ச நீதிமன்றம் 2015இல் முதலில் பயன்படுத்தியவருக்குத்தான் முன்னுரிமை என்று சொல்லிவிட்டது. பயன்பாடுதான் பெரிது.

கோப்புக்கட்டு:
அந்தக் கடைக்கும் பதிவு இருந்தது, அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். பதிவு இரு பக்கமும் இருந்ததால்தான் யார் முதலில் பயன்படுத்தியது என்ற கேள்வியே முன்னுக்கு வந்தது. போன தீபாவளிக்குத் தொடங்கி, பில் புத்தகம்கூட இல்லாத ஒருவருக்கு அந்தத் தீர்ப்பை எடுத்துக் கொடுப்பது ஆபத்தான அறிவுரை.

நெல்லைச்சீமை:
அந்தத் தீர்ப்பை நான் இவருக்குக் கொடுக்கவில்லை. இவருக்கு முன்னால் சந்தையில் இருக்கக்கூடியவரை நினைத்துச் சொன்னேன். பதிவேட்டில் ஒன்றுமே வராவிட்டாலும் பொள்ளாச்சியில் எவராவது இருபது வருடமாக அதே பெயரில் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தால், 34ஆம் பிரிவு அவரைக் காக்கும். அதனால் பதிவேட்டோடு நிற்காமல் கடைத்தெருவிலும், இணையக் கடைகளிலும் தேட வேண்டும். படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள், ஐயா.

கோப்புக்கட்டு:
அதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாம்.

கருப்பு அங்கி:
நந்தினி வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்நாடகப் பால் கூட்டமைப்பின் நந்தினியும், பெங்களூரு உணவக நிறுவனம் ஒன்றின் நந்தினியும் மோதின. பொருள்களும் வியாபாரமும் வேறு, படமும் வேறு, குழப்பம் வராது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பாலையும் பால் பொருள்களையும் மட்டும் அந்தப் பதிவிலிருந்து நீக்கச் சொன்னது. ஆகவே ஒரே வகுப்பில் ஒரே பெயர் இருந்தாலே கதை முடிந்தது என்றும் இல்லை. ஆனால் எண்ணெய்க்கு எதிராக எண்ணெய் வந்தால் இந்த வாதம் உதவாது.

காங்கேயம் கொப்பரை:
தேங்காய் எண்ணெயும் போடுகிறேன் என்கிறாரே, அது சமையலா தலையா? எங்கள் பக்கம் ஒரே பாட்டில்தான் அடுப்படிக்கும் போகிறது, சீப்புப் பக்கத்திலும் இருக்கிறது.

கோப்புக்கட்டு:
தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று லேபிளில் எழுதினால் வகுப்பு 3. விளக்கேற்றும் எண்ணெய் என்றால் 4. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம்.

காங்கேயம் கொப்பரை:
சிறிய பாட்டிலாக இருந்தாலும் சமையல் எண்ணெய்தான் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே.

கோப்புக்கட்டு:
2024 டிசம்பர் தீர்ப்பைச் சொல்கிறீர்கள். அது வரி வழக்கு. சேலம் கலால் துறை தொடுத்தது. வரிப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பது வேறு, டிரேட்மார்க் வகுப்பு வேறு. அதிலும் தலை எண்ணெய் என்று லேபிளிலேயே போட்டு விற்றால் விஷயம் மாறும். சரக்கு சேவை வரியைப் பொறுத்தவரை 2025 செப்டம்பர் 22 முதல் சமையல் எண்ணெயைப் போலவே தலை எண்ணெய்க்கும் 5 சதவீதமாகிவிட்டது, அந்தச் சண்டைக்கே இப்போது சாரம் குறைவு.

காங்கேயம் கொப்பரை:
பழைய பாக்கி கேட்டு நோட்டீஸ் வாங்கியவர்களிடம் வந்து சாரம் குறைவு என்று சொல்லிப் பாருங்கள்.

சிவகாசி அச்சு:
இழையைத் தொடங்கியவர் எங்கே? புதன்கிழமை முடிந்துவிட்டது.

எண்ணும் எழுத்தும்:
பெயரைச் சொல்லியிருந்தால் நாங்களே தேடிக் கொடுத்திருப்போம். பிறந்த தேதியையும் சேர்த்துச் சொல்லலாம்.

செக்குமேடு:
29இல் தேடினேன். 'ழ' இடத்தில் எல் போட்டு அதே பெயர் நல்லெண்ணெய்க்குப் பதிவாகியிருக்கிறது, காலாவதியாக இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன. 'ஆப்ஜெக்டட்' விண்ணப்பத்தின் அறிக்கையிலும் அந்தப் பதிவைத்தான் காட்டியிருந்தார்கள். ஆர்டரை நிறுத்திவிட்டோம். வேறு பெயர் பார்க்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

கருப்பு அங்கி:
நல்லது. புதுப் பெயரை 29, 30, 3 மூன்றிலும் தேடுங்கள், சொந்தக் கடை திறக்கும் எண்ணம் இருந்தால் விற்பனைச் சேவைக்கான 35இலும். 'அபான்டன்ட்' என்று வருபவற்றையும் தாண்டிப் போகாதீர்கள். விண்ணப்பத்தைக் கைவிட்டவர் வியாபாரத்தையும் கைவிட்டார் என்று இல்லை. கூட்டு நிறுவனமாக இருப்பதால் உத்யம் சான்றிதழ் (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இல்லாமல் தாக்கல் செய்தால் இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 9000 ரூபாய். சிறு நிறுவனம் என்று காட்டினால் 4500. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. எந்த நிலையில் நிராகரித்தாலும் கட்டிய பணம் திரும்ப வராது.

செக்குமேடு:
சரி மேடம். ஏற்றுக்கொண்ட பிறகும் யாராவது எதிர்க்கலாமா?

கருப்பு அங்கி:
டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் வரை எவரும் எதிர்க்கலாம். திங்கள்கிழமைதோறும் இதழ் வரும். அதுவரை சிவகாசிக்காரர் சொன்னபடி சிறிய அளவிலேயே அச்சடியுங்கள்.

காங்கேயம் கொப்பரை:
தேங்காய் எண்ணெய்க்கு 3, 29 இரண்டிலும் போட்டவர் யாராவது இருக்கிறீர்களா? லேபிளில் என்ன எழுதினீர்கள்?